மூன்று கோடு போதுமா?

குறைவாக வரைந்து நிறையச் சொல்லும் போஸ்டர்கள் இப்போது பிரபலம். எதை விட்டுவிட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவற்றின் முழுக் கதையும் தெரியும்.

சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் சுமார் 70 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் ஒரே படம் எத்தனையோ முறை கண்ணில் படும். லாரியின் நெற்றியில், டீக்கடைப் பலகையில், லாட்ஜ் வாசலில், ஆட்டோவின் பின்பக்கத்தில். நடுவே நாமம், ஒரு பக்கம் சங்கு, மறுபக்கம் சக்கரம். முகம் கிடையாது, கிரீடம் கிடையாது, பெரும்பாலும் பெயரும் கிடையாது. ஆனால் அது யார் என்று கேட்பவரும் கிடையாது.

திருமலைக்கு நாள்தோறும் வரும் 60,000, 70,000 பேரில் தெலுங்கு படிக்கத் தெரியாதவர்கள் ஏராளம். தமிழ், கன்னடம், மராத்தி, இந்தி என்று ஆளுக்கொரு மொழி. எல்லோருக்கும் பொதுவாக எழுதக்கூடிய ஒரே வாக்கியம் அந்த மூன்று கோடுதான். சந்நிதியிலும் இதே கதை. மூலவரின் முகத்தில் பெரும்பகுதியைப் பச்சைக் கற்பூர நாமம் மூடியிருக்கும். வியாழக்கிழமைகளில் நாமத்தைச் சிறிதாக்கும்போதுதான் கண்கள் தெரியும். அதற்கு 'நேத்திர தரிசனம்' என்று தனிப் பெயரே உண்டு. முகத்தை மறைத்து அடையாளத்தை மட்டும் காட்டும் இந்த உத்தியை எந்த விளம்பரக் கம்பெனியும் சொல்லிக் கொடுக்கவில்லை.

சித்தூர்ப் பக்கம் பிள்ளையாருக்குப் பேர்போன காணிப்பாக்கம் இருக்கிறது. பிள்ளையாரை இதைவிடக் குறைவாகவும் வரையலாம். கடிதத்தின் தலையில் போடும் பிள்ளையார் சுழி ஒற்றை எழுத்துதான். கம்ப்யூட்டரில் வரையும் டிசைனர்கள் கல்யாணப் பத்திரிகைக்கு ஒரே இழுப்பில் பிள்ளையார் போட்டுத் தந்துவிட்டு அதை நவீனம் என்கிறார்கள். பாட்டிகள் சிரிப்பார்கள்.

இந்த நவீனத்துக்கு 'மினிமலிஸ்ட் போஸ்டர்' என்று பெயர். மூன்று மணி நேரப் படத்தை ஒரே பொருளாகச் சுருக்குவதுதான் வேலை. ஒரு வெற்றுப் பின்னணி, அதிகம் போனால் இரண்டு மூன்று வண்ணம், நடுவில் ஒரு சின்னம். பிரிட்டிஷ் டிசைனர் ஆலி மாஸ் 2010-ல் 'ஸ்டார் வார்ஸ்' படங்களுக்குச் செய்த நிழலுருவப் போஸ்டர்கள் உலகம் முழுக்க இந்த பாணிக்கு ரசிகர்களைச் சேர்த்தன. அதே காலகட்டத்தில் டெல்லி டிசைனர் அக்ஷர் பாட்டக் இந்திப் படங்களை இப்படிச் சுருக்கி வரையத் தொடங்கினார். பிறகு தமிழ், தெலுங்கு, மலையாளம் என்று எல்லா மொழி ரசிகர்களும் தங்கள் படங்களுக்குத் தாங்களே போஸ்டர் போட்டுக்கொண்டார்கள். 'ஷோலே'வுக்கு ஒரு நாணயம் போதும். எம்.ஜி.ஆருக்குத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும். பாரதிக்கு முண்டாசும் மீசையும். இவை டீ-சர்ட்டிலும் டீ குடிக்கும் கோப்பையிலும் ஏறிவிட்டன.

பாணிக்குப் பெயர்தான் புதுசு. உப்புச் சத்தியாகிரகம் நடந்த 1930-ல் நந்தலால் போஸ் லினோலியத்தில் செதுக்கி அச்சிட்ட காந்தி படம் எல்லோருக்கும் தெரியும். கறுப்புப் பின்னணியில் சில வெள்ளைக் கோடுகள். கையில் தடி, முன்னால் எடுத்து வைத்த கால். கடலும் இல்லை, கூட்டமும் இல்லை, போலீசும் இல்லை. ஆனால் அந்தக் கால் எங்கே போகிறது என்பது பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு போலந்து ஓவியர்கள் நட்சத்திரங்களின் புகைப்படங்களை ஒதுக்கிவிட்டுப் படத்தின் கருத்தை வரைந்தார்கள். ஹென்றிக் தோமஷெவ்ஸ்கி இவர்களில் முன்னோடி. அமெரிக்காவில் சால் பாஸ் 1955-ல் 'தி மேன் வித் த கோல்டன் ஆர்ம்' படத்துக்குக் கோணலாக முறுக்கிய ஒரு கையை வரைந்தார். ஃபிராங்க் சினாட்ரா என்ற பெரிய நட்சத்திரம் நடித்த படம். ஆனால் அது போதை ஊசிக்கு அடிமையானவனின் கதை. ஆகவே கைதான் படத்தின் நாயகன் என்று பாஸ் தீர்மானித்தார். கல்கத்தாவில் விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு சினிமாவுக்கு வந்த சத்யஜித் ராய் தம் படங்களின் போஸ்டர்களைத் தாமே வடிவமைத்தார். தலைப்பெழுத்தையே படத்தின் பகுதியாக்கும் கலை அவருக்குக் கைவந்திருந்தது.

தென்னிந்தியத் தெருக்கள் இதற்கு நேர் எதிரான பாதையில் போயின. இங்கே முகம்தான் மூலதனம். முகம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு வசூல் என்பது விநியோகஸ்தர்களின் கணக்கு. 1957-ல் 'வணங்காமுடி' வெளியானபோது சென்னை சித்ரா தியேட்டரில் மோகன் ஆர்ட்ஸ் நிறுத்திய சிவாஜி கணேசனின் பிரம்மாண்ட கட்-அவுட்டைப் பழைய ரசிகர்கள் இன்றும் பேசுகிறார்கள். அந்தப் படத்தை இயக்கியவர் பி. புல்லையா. திருப்பதி வேங்கடவனின் கதையை 1939-ல் ஒரு முறையும் 1960-ல் 'ஸ்ரீ வேங்கடேஸ்வர மகாத்மியம்' என்று மறுமுறையும் தெலுங்கில் எடுத்தவரும் அவர்தான்.

இரண்டாவது படத்தில் என்.டி. ராமராவ் வேங்கடேஸ்வரரானார். நாமத்துக்குப் பின்னால் மறைந்திருந்த முகத்துக்கு சினிமா ஒரு முகம் கொடுத்தது. திருப்பதிக்குப் போய்விட்டு அப்படியே சென்னைக்கு வந்து என்.டி.ஆர். வீட்டு வாசலில் பஸ் பஸ்ஸாக ஜனங்கள் நின்ற கதையை ஆந்திரத்தில் சொல்லாதவர் கிடையாது. அந்த முகம் 1983-ல் திருப்பதி சட்டமன்றத் தொகுதியிலும் ஜெயித்தது.

ஆனால் ஓட்டுச் சீட்டில் என்.டி.ஆரின் முகம் இல்லை, சைக்கிள்தான் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத வாக்காளர்களுக்காக முதல் பொதுத் தேர்தலிலிருந்தே இந்தியா நடத்திவரும் மிகப் பெரிய மினிமலிஸ்ட் கண்காட்சி தேர்தல் சின்னங்கள்தான். தேர்தல் கமிஷனில் பென்சிலால் இந்தச் சின்னங்களில் பலவற்றை வரைந்த எம்.எஸ். சேத்தி 1992-ல் ஓய்வு பெற்றார். இவர் கையால் வந்த கோடுகளைப் பார்த்துக் கோடிக்கணக்கானோர் முத்திரை குத்தியிருக்கிறார்கள். இவர் பெயரை அவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

திருப்பதியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஸ்ரீகாளஹஸ்தியில் முற்றிலும் வேறு விதமான படக்கலை இருக்கிறது. கலம்காரி. மூங்கில் குச்சியைச் சீவி, நுனியில் துணி சுற்றி, அதையே பேனாவாக்கி வரைகிறார்கள். கடுக்காயும் பாலும் தோய்த்த துணி. இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுத்த கறுப்பு. நடுவில் ஒரு பெரிய காட்சி. சுற்றிலும் வரிசை வரிசையாகக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் கதையின் ஒரு துண்டு. கீழே தெலுங்கில் விளக்கம். விரலடி இடம்கூடக் காலியாக இருக்காது. 1950-களில் அழியும் நிலைக்கு வந்த இந்தக் கலையைக் கமலாதேவி சட்டோபாத்யாயாவின் முயற்சியில் தொடங்கிய பயிற்சி மையம் மீட்டது. அந்த மரபில் வந்த ஜொன்னலகட்ட குரப்பச் செட்டிக்கு 2008-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

கலம்காரி எல்லாவற்றையும் ஏன் வரைகிறது? கதை தெரியாதவனுக்கும் அது சொல்ல வேண்டும். ராமன் காட்டுக்குப் போனதை மட்டுமல்ல, ஏன் போனான், யார் அழுதார்கள், யார் கூடப் போனார்கள் என்பதையும் அந்தத் துணி சொல்லியாக வேண்டும். மினிமலிஸ்ட் போஸ்டருக்கு அந்தப் பொறுப்பு இல்லை. அது கதை தெரிந்தவனிடம் மட்டும் பேசுகிறது. 'ஷோலே' பார்க்காதவனுக்கு நாணயம் வெறும் நாணயம்தான். ஓவியர் வரையாமல் விட்டதையெல்லாம் பார்ப்பவன் தன் ஞாபகத்திலிருந்து எடுத்துப் போட்டு நிரப்புகிறான். பாதிப் படம் தாளில், மீதிப் படம் பார்ப்பவன் மண்டையில்.

ஆகவே பார்ப்பவன் யார் என்பதைப் பொறுத்துப் படமும் மாறும். நாமத்தையே எடுத்துக்கொள்ளலாம். மூக்கின் மேல் ஒரு சிறு பாதம் இருந்தால் தென்கலை, இல்லாவிட்டால் வடகலை. வெளியாருக்குத் துளி வித்தியாசம். உள்ளே இருப்பவர்கள் அதற்காக நீதிமன்றப் படி ஏறியிருக்கிறார்கள். நாத்திகருக்கோ நாமம் என்றதும் 'நாமம் போட்ட' கதைதான் ஞாபகம் வரும். கோடு ஒன்றுதான், ஞாபகம்தான் வேறு.

எதை வைப்பது, எதை விடுவது என்பது ஓவியரின் கையில் இருக்கிறது. அங்கேதான் ரசனையோடு நியாயமும் நுழைகிறது. 1930-ல் நந்தலால் போஸ் காந்தியிடமிருந்து ஏறக்குறைய எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, நடையையும் தடியையும் மிச்சம் வைத்தார். 2014 அக்டோபர் 2-ம் தேதி தொடங்கிய தூய்மை இந்தியா திட்டத்தின் சின்னத்தில் மூக்குக் கண்ணாடி மட்டும் மிச்சம். சின்னம் என்ற முறையில் அது கச்சிதம். குழந்தையும் அடையாளம் கண்டுகொள்ளும். ஆனால் நந்தலாலின் படத்தில் காந்தி சட்டத்தை மீறப் போய்க்கொண்டிருந்தார். கண்ணாடியில் அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டும் காந்திதான்; இரண்டும் சுருக்கம்தான். ஒன்று சுருக்கிச் சுருக்கி விஷயத்துக்குப் போகிறது. மற்றது சுருக்கிச் சுருக்கி விஷயத்தைத் தாண்டிப் போய்விடுகிறது.

இந்த அளவுகோலோடு சித்தூர் மண்ணின் மிகப் பிரபலமான அண்மைக்கால உருவத்துக்கு வரலாம். சுகுமார் இயக்கிய 'புஷ்பா' 2021 டிசம்பரில் வெளிவந்தது. இரண்டாம் பாகம் 2024 டிசம்பரில். சேஷாசலம் மலையில் செம்மரம் கடத்தும் கூலித் தொழிலாளி கடத்தல் கூட்டத்துக்கே தலைவனாகும் கதை. படத்தின் பெரும்பகுதி எடுக்கப்பட்டது சேஷாசலத்தில் அல்ல, கோதாவரிப் பக்கத்து மாரேடுமில்லிக் காட்டில். ஆனால் பேச்சு சித்தூர்ப் பேச்சு. கடற்கரை ஆந்திரத்தின் தெலுங்கே சினிமாவில் கோலோச்சிய காலத்தை நினைத்தால், நாட்டுப்புறம் என்று நக்கலடிக்கப்பட்ட இந்த வட்டாரத்துத் தெலுங்கை ஒரு கதாநாயகன் தலை நிமிர்ந்து பேசியதில் சித்தூர்க்காரர்களுக்குப் பெருமை இருந்ததில் ஆச்சரியமில்லை. அல்லு அர்ஜுனுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது 2023-ல் அறிவிக்கப்பட்டது.

புஷ்பாவை வரைய இரண்டே விஷயம் போதும்: ஒரு பக்கம் தூக்கிய தோள், தாடிக்கு அடியில் இழுத்துவிடும் புறங்கை. பின்னணிக்குச் செம்மரச் சிவப்பு. கண் மூக்கு வாய் எதுவும் வேண்டாம். கிரிக்கெட் மைதானத்தில் ரவீந்திர ஜடேஜாவும் டேவிட் வார்னரும் அந்தக் கையசைவைச் செய்து காட்டியபோது, தெலுங்கே தெரியாதவர்களும் புரிந்துகொண்டார்கள். ரசிகர்கள் வரைந்து தள்ளிய நிழலுருவங்களுக்குக் கணக்கில்லை. மினிமலிஸ்ட் போஸ்டருக்கென்றே பிறந்த பாத்திரம்.

அந்தச் சிவப்புக்கு இன்னொரு ஞாபகமும் உண்டு. செம்மரம் இயற்கையாக வளர்வது பெரும்பாலும் தென் ஆந்திரத்தின் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில்தான். சீனாவில் விலை உயர்ந்த மரச்சாமான்களுக்கும் ஜப்பானில் இசைக்கருவிகளுக்கும் இது வேண்டும். சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டிஸ்' ஒப்பந்தப் பட்டியலில் 1995-ல் சேர்க்கப்பட்டது. விலை ஏற ஏறக் கடத்தலும் ஏறியது. மரத்தை விற்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர். நடுவே ராத்திரியில் மலையேறிக் கோடரி பிடிப்பவர் வேறொருவர். அந்த வேறொருவர் பல சமயங்களில் தமிழர். ஜவ்வாது மலையிலிருந்தும் அதன் அடிவாரத்திலிருந்தும் நாள்கூலிக்கு ஏஜெண்டுகள் அழைத்துப் போனவர். மரம் வெட்டத் தெரியும். எந்தக் காட்டில், யாருக்காக என்று கேட்கும் நிலையில் இல்லாதவர்.

2015 ஏப்ரல் 7-ம் தேதி அதிகாலையில், திருப்பதிக்கு அருகே சேஷாசலம் காட்டில் இரண்டு இடங்களில் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் 20 பேர் செத்தார்கள். அத்தனை பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். தங்களைத் தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட்டதாகப் போலீஸ் சொன்னது. பிடித்து வைத்துச் சுட்டார்கள் என்று மனித உரிமை அமைப்புகள் குற்றம்சாட்டின. தேசிய மனித உரிமை ஆணையம் விசாரணையைக் கையில் எடுத்தது. முந்தின நாள் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்ட தங்கள் கூட்டாளிகள்தான் மறுநாள் பிணமாகக் கிடந்தார்கள் என்று உயிர் தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள்.

அன்று பத்திரிகைகளில் வந்த புகைப்படங்களும் ஒரு வகையில் சுருக்கப்பட்ட படங்களே. தரையில் ஒரு உடல், பக்கத்தில் ஒரு செம்மரக் கட்டை. இரண்டே பொருள். பார்ப்பவன் மீதியைத் தானே நிரப்பிக்கொள்வான்: இவன் திருடன், இது திருட்டுப் பொருள். அந்தக் கட்டைகள் சிலவற்றில் பழைய பெயிண்ட் குறிகள் இருந்ததைச் சுட்டிக்காட்டி, அவை வேறெங்கிருந்தோ கொண்டுவந்து போடப்பட்டவை என்று உரிமை அமைப்புகள் வாதாடின. இரண்டே பொருள் உள்ள படத்தில் ஒரு பொருள் பொய் என்றால் படம் முழுவதும் பொய்யாகிவிடும். குறைவாகக் காட்டும் படத்துக்கு உள்ள ஆபத்து இது. கலம்காரித் துணியில் ஒரு கட்டம் தப்பானாலும் பக்கத்துக் கட்டம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒற்றைச் சின்னத்துக்குப் பக்கத்துக் கட்டம் கிடையாது.

இதற்கெல்லாம் சினிமாவையோ போஸ்டர் வரைகிறவரையோ குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. 'புஷ்பா' செய்திப்படம் அல்ல. கூலியின் அவமானத்திலிருந்துதான் அந்தக் கதையும் தொடங்குகிறது. கையசைவைச் செய்து பார்க்கும் பையனுக்கு 2015 தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. ஆனால் சுருக்கும்போது எது மிச்சமாகிறது என்று கேட்கலாம். கூலி, காடு, கோடரி, ஏஜெண்ட், போலீஸ் எல்லாம் உதிர்ந்த பிறகு தோளும் தாடியும் தங்குகின்றன. அதாவது மிஞ்சுவது நட்சத்திரம். முகத்தை எடுத்துவிட்டதால் நட்சத்திரத்தையும் எடுத்துவிட்டதாக இந்த பாணி நினைத்துக்கொள்கிறது. உண்மையில் சித்ரா தியேட்டர் கட்-அவுட்டைத்தான் மடித்து மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்திருக்கிறது.

சால் பாஸ் செய்தது வேறு. சினாட்ராவை எடுத்துவிட்டு ஊசி ஏறும் கையை வைத்தார். பார்க்கச் சங்கடமான பொருள். ஆனால் கதையின் வலி அங்கேதான் இருந்தது. நல்ல மினிமலிஸ்ட் போஸ்டருக்கும் வெறும் அழகான போஸ்டருக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. நட்சத்திரத்தின் ஸ்டைலைச் சுருக்குவது சுலபம்; ரசிகனே அதைச் செய்துவிடுவான். கதை யாருக்கு வலிக்கிறதோ அவருடைய பொருளைக் கண்டுபிடிப்பதுதான் டிசைனரின் வேலை.

இதை இங்கே செய்யக்கூடிய ஆட்கள் இல்லாமல் போகவில்லை. பலர் திருப்பதி, சித்தூர், வேலூர் மாதிரி ஊர்களில் ஃபிளெக்ஸ் பேனருக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் கம்ப்யூட்டரில் இழைத்துக்கொண்டிருப்பவர்கள். இரண்டு மொழிப் படங்களையும் பார்த்து வளர்ந்தவர்கள். தெலுங்குக்காரன் சிரிக்கும் இடமும் தமிழன் சிரிக்கும் இடமும் தெரிந்தவர்கள். எல்லையின் இந்தப் பக்கத்து ஞாபகமும் அந்தப் பக்கத்து ஞாபகமும் ஒரே மண்டைக்குள் இருப்பது பெரிய நகரத்து டிசைனருக்குக் கிடைக்காத முதல். ஒரே சிவப்பைப் பார்த்துத் திருப்பதியில் ஒருவன் விசிலடிப்பதும் ஜவ்வாது மலையில் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொள்வதும் ஏன் என்று இவர்களுக்குப் புரியும்.

அப்படி ஒருவர் செம்மரக் காட்டின் கதைக்கு என்றாவது ஒரு போஸ்டர் வரைய உட்கார்ந்தால் தோளும் வேண்டாம், தாடியும் வேண்டாம். சிவப்புத் தாளில் ஒரு பஸ் டிக்கெட் போதும்.